கொப்பியிலிருந்து கணினிக்கு மாறுமுன்

திருகோணமலைக் கரையோர உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களில் பில் கொப்பியை விட்டுக் கணினிக்கு மாறுவதென்றால், நவம்பர், டிசம்பர் மழைக்காலத்தில் தொடங்குங்கள். மே முதல் செப்டம்பர் வரையான சீசனில் மாற்றினால், விருந்தினர் காத்து நிற்கும் அவசரத்தில் கை பழைய கொப்பிக்கே போய்விடும்.

பயிற்சிக்கு முன் ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள்: ஏன் மாறுகிறோம்? உங்கள் வேலையில் எது மாறும்? பிழை வந்தால் யாரிடம் கேட்பீர்கள்? முதல் கேள்விக்கே பதில் இல்லையென்றால் எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் பயனில்லை. முதலாளியோ மனேஜரோ நேரில் இருந்து காரணத்தை விளக்க வேண்டும். ஆட்குறைப்பு வருமோ என்ற பயம்தான் பெரும்பாலும் உள்ளே இருக்கும். அதற்கு மழுப்பாமல் பதில் சொல்லுங்கள்.

பயிற்சியில் பழைய பில்கள் பத்தை அவர்களே பதியட்டும். பக்கத்தில் நின்று பார்ப்பது பழக்கமாகாது. மூத்த காசாளருக்கு இளையவர்கள் முன்னால் வேண்டாம், தனியாகக் காட்டுங்கள். இரவு வேலைக்காரரை மறந்துவிடுவதுதான் வழக்கமான தவறு. திரைக்கருகே தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்கக் குறிப்பு ஒட்டுங்கள்.

கொப்பியும் கணினியும் இரண்டு வாரம் சேர்ந்து ஓடட்டும். பிறகு, முன்பே அறிவித்த நாளில் கொப்பியை எடுத்துவிடுங்கள். இழுத்தால் இரட்டை வேலை, கணக்கும் ஒத்துவராது.