பறவையை வரைய ஒரே தாளில் நாலு படம்

பறவையை வரையும்போது ஒரே படத்தை முடிக்கப் பார்க்காதீர்கள். ஒரே தாளில் நாலைந்து படங்களைத் தொடங்கி வையுங்கள். வீட்டு லவ் பேர்ட்ஸ் திரும்பிக்கொண்டால் அடுத்த படத்துக்குப் போய்விடலாம். இறகு கோதுவது, தலை சாய்ப்பது, ஒற்றைக்காலில் நிற்பது என்று சுற்றிச் சுற்றிப் பழைய நிலைக்கே வரும். விட்ட கோட்டை அப்போது தொடரலாம். தாளும் மிச்சம், நேரமும் மிச்சம்.

குளிர்காலத்தில் பழவேற்காடு ஏரிக்கு வரும் பூநாரைகளுக்கு இது இன்னும் நன்றாகப் பொருந்தும். தலையைக் கவிழ்த்து, மேலலகு கீழே வரும்படி சேற்றுநீரை அலசிக்கொண்டே இருக்கும். கார்ட்டூனுக்கு அந்த வளைந்த அலகுதான் உயிர், அதை நிதானமாகப் பாருங்கள். படகை ரொம்பப் பக்கத்தில் விடச் சொல்லாதீர்கள், பாவம், மேய்ச்சலை விட்டுக் கிளம்பிவிடும்.

பறக்கிற செம்பருந்துக்கு இந்த வழி உதவாது. மொபைலில் ஸ்லோமோஷன் வீடியோ எடுத்து, நிறுத்தி நிறுத்தி வரையுங்கள்.