மந்தகாலத்தில் லேத் பட்டறை போடுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

ஆர்டர் குறைந்து கம்பெனிகள் ஆட்களைக் குறைக்கும்போது, வேலை போன ஆபரேட்டர்கள் சொந்தமாக ஒரு லேத் (உலோகத்தைக் கடையும் மெஷின்) போட்டு உட்காருவது கோவைக்குப் புதிதல்ல. கணபதி, ஆவாரம்பாளையம், சின்னவேடம்பட்டிப் பக்கம் இருக்கும், மற்ற கம்பெனிகளுக்கு வேலை செய்து கொடுக்கும் ஜாப் ஆர்டர் பட்டறைகள் பலவும் இப்படி வேலை தெரிந்தவர்கள் தொடங்கியவைதான். மந்தகாலத்தில் தொடங்குவது தப்பே இல்லை. வாடகை பேசிக் குறைக்கலாம், பழைய மெஷின் நியாயமான விலைக்குக் கிடைக்கும், நல்ல ஆட்களும் கிடைப்பார்கள். ஆனால் இந்தக் காலத்தில் பட்டறையை மூட வைப்பது பெரும்பாலும் நஷ்டம் அல்ல. கணக்கில் லாபம் இருக்கும், சனிக்கிழமை சம்பளம் போடக் கையில் காசு இருக்காது.

இதற்கு முதல் காரணம், எந்த ஆர்டர் வந்தாலும் சரி என்று கடனுக்கு வேலை செய்து கொடுப்பது. மாதம் 3 லட்சத்துக்கு பில் போடுகிறீர்கள், சம்பளம், வாடகை, கரண்ட், டூல் எல்லாம் சேர்த்து 2.5 லட்சம் செலவு என்று வைத்துக்கொள்வோம். மாதம் 50,000 ரூபாய் லாபம், நல்ல தொழில்தான். ஆனால் வேலை கொடுத்த பார்ட்டி பணம் தர 120 நாள் ஆகிறது என்றால், முதல் ரூபாய் வருவதற்குள் உங்கள் கையில் இருந்து 10 லட்சம் போயிருக்கும். இதற்கு நடுவில் ஜி.எஸ்.டி. வேறு. பணம் வந்ததா இல்லையா என்று அது பார்க்காது, பில் போட்ட மாதத்துக்கான வரியை அடுத்த மாதமே கட்டியாக வேண்டும். மெஷின் வாங்கவே எல்லாப் பணத்தையும் போட்டுவிட்டு, இந்த 10 லட்சத்தைக் கணக்கிலேயே எடுக்காமல் தொடங்குகிறவர்களைப் பார்க்கும்போது உண்மையிலேயே பதறுகிறது.

சட்டம் இந்த விஷயத்தில் சிறு தொழிலின் பக்கம் நிற்கிறது, பலருக்கு அது தெரிவதில்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளில், வாங்கியவர் பணம் கொடுத்துவிட வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. போதாததற்கு 2023-24 நிதியாண்டில் இருந்து, குறு, சிறு நிறுவனங்களுக்கு இந்தக் கெடுவைத் தாண்டிக் கொடுத்த பணத்தை, கொடுத்த ஆண்டில்தான் வாங்கியவர் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும். மார்ச் மாதம் நெருங்கும்போது அவருடைய ஆடிட்டரே உங்கள் பாக்கியைப் பற்றிப் பேசுவார்.

இதெல்லாம் கிடைக்க, குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு வேண்டும். இங்கேதான் அடுத்த தவறு. "தொழில் நல்லா ஓட ஆரம்பிச்சதும் பதிஞ்சுக்கலாம்" என்று தள்ளிப்போடுகிறார்கள். பாக்கி விழுந்த பிறகு பதிவு செய்து, பழைய பில்லுக்கு இந்தச் சலுகையைக் கேட்க முடியாது என்று 2021இல் ஒரு தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. எனவே முதல் பில்லுக்கு முன்பே பதிந்துவிடுங்கள். பதிவு முழுக்க இலவசம், ஆதாரும் பானும், ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் அந்த எண்ணும் போதும். பில்லிலும் அந்த எண்ணை அச்சிடுங்கள். வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு மட்டும் இந்தப் பணப் பாதுகாப்பு பொருந்தாது. உற்பத்தியும் சேவையும் செய்பவர்களுக்குத்தான்.

பாக்கிக்காகப் புகார் கொடுத்தால் பார்ட்டி ஆர்டரை நிறுத்திவிடுவார் என்ற பயம் நியாயமானதே. அதனால்தான் ஒரே பார்ட்டியை நம்பிப் பட்டறை போடாதீர்கள் என்கிறேன். வேலை முழுவதும் ஒருவரிடம் இருந்தே வந்தால், ரேட்டையும் அவர்தான் முடிவு செய்வார், பணம் தரும் நாளையும் அவர்தான் முடிவு செய்வார். பம்ப் கம்பெனிக்கு ஒரு வேலை, ஜவுளி மெஷின் உதிரிபாகம் ஒன்று, பக்கத்து ஆலைகளின் பழுது வேலை கொஞ்சம் என்று கலந்து வையுங்கள். பழுது வேலை சிறியதுதான், ஆனால் மெஷின் நின்றுபோய் அவசரத்தில் வருகிறவர் பெரும்பாலும் கையோடு காசு கொடுப்பார்.

அப்புறம் ரேட். பக்கத்துப் பட்டறை மெஷின் ஓடும் மணிக்கு 350 ரூபாய் சொன்னால் நாம் 300 என்று இறங்குவது. மெஷின் தவணை, வாடகை, மின்சார நிலைக்கட்டணம் என்று மாதம் 60,000 நிலையான செலவு இருக்கிறது, மெஷின் 200 மணி நேரம் ஓடுகிறது என்றால், மணிக்கு 300 ரூபாய் அதற்கே போகும். மந்தத்தில் 100 மணி நேரம்தான் ஓடினால் அதே செலவு மணிக்கு 600. நிறையப் பேர் 200 மணிக் கணக்கிலேயே ரேட் சொல்லிவிட்டு, எங்கே காசு போகிறது என்று தெரியாமல் தவிக்கிறார்கள். மெஷின் சும்மா நிற்கும்போது டூல், கரண்ட், கூலிக்கு மேல் கொஞ்சம் கிடைத்தால் அந்த வேலையை எடுப்பதில் தப்பில்லை. ஆனால் "இந்த 500 பீஸுக்கு மட்டும்" என்று எழுதிக் கொடுங்கள். குறைத்த ரேட் திரும்ப ஏறுவது லேசில்லை.

சம்பளத்துக்குத் தண்டல், அதாவது தினமும் தவணை கட்டும் கடன், வாங்குவது எல்லாவற்றையும் விட ஆபத்து. 9,000 கையில் வாங்கி, தினம் 100 ரூபாயாக 100 நாள் கட்டுவது சின்னத் தொகை போலத் தெரியும். கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி 75 சதவீதத்துக்கு மேல். எந்த லேத்தும் அந்த அளவுக்குச் சம்பாதித்துக் கொடுக்காது. முதல்முறை வாங்குகிறவர்களுக்கு, வங்கிகள் மூலம் மத்திய அரசுத் திட்டத்தில் கிடைக்கும், அடமானம் கேட்காத முத்ரா கடன் 10 லட்சம் வரை இருக்கிறது. அதற்கு, கையில் காசு இருக்கும்போதே, வங்கிக் கணக்கு ஒழுங்காக ஓடும்போதே விண்ணப்பியுங்கள். நெருக்கடி வந்த பிறகு போனால் வங்கி யோசிக்கும்.

பழைய மெஷின் வாங்கும்போது சத்தத்தையும் தேய்மானத்தையும் மட்டும் பார்த்தால் போதாது. அதன் மேல் வங்கிக் கடன் நிலுவை இருக்கிறதா என்று கேளுங்கள். விற்பவரிடம் முதல் வாங்கிய பில்லையும், கடன் எடுத்திருந்தால் வங்கி கொடுத்த நிலுவையின்மைச் சான்றையும் கையில் வாங்கிய பிறகே முழுப் பணத்தைக் கொடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய மெஷினைத் தேடி ஒரு நாள் வங்கிக்காரர்கள் உங்கள் பட்டறைக்கே வரக்கூடும்.