பிஎச்பியில் தமிழ் ஸ்ட்ரிங்: மலாய்ப் பக்கத்தில் தெரியாத தவறுகள்

கோலாலம்பூரில் கோயிலுக்கோ பிரிக்பீல்ட்ஸ் கடைக்கோ இணையத்தளம் செய்தால் மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றும் வேண்டும் என்பார்கள். முதல் இரண்டும் ஒழுங்காக ஓடும். தமிழ்ப் பக்கத்தில் மட்டும் தலைப்பின் கடைசியில் கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி நிற்கும். உடனே எழுத்துருவைக் குறை சொல்லி மாற்றப் போகாதீர்கள்.

இணையத்தள நிரல்மொழியான பிஎச்பிக்கு (PHP) ஸ்ட்ரிங், அதாவது எழுத்துச்சரம், என்றால் பைட்டுகளின் வரிசை, அவ்வளவுதான். மலாய் எழுத்துக்கு ஒரு பைட் போதும். யுடிஎஃப்-8 என்னும் எழுத்துக் குறியீட்டு முறையில் தமிழுக்கு உயிர்மெய்க் குறி, புள்ளி உட்பட ஒவ்வொன்றும் 3 பைட். ‘பத்துமலை’ நமக்கு 5 எழுத்து. பைட்டுகளை எண்ணும் ஸ்டர்லென் (strlen) 24 என்கிறது, குறி, புள்ளியையும் தனித்தனியாக எண்ணும் எம்பி_ஸ்டர்லென் (mb_strlen) 8 என்கிறது. பைட் கணக்கில் வெட்டும் சப்ஸ்டர் (substr) கொண்டு 20இல் வெட்டினால் ஓர் எழுத்தின் நடுவே கத்தி விழும். சரி, எம்பி_சப்ஸ்டர் போடலாமே என்றால், 4 கேட்டதற்கு ‘பத்த’ என்று நிற்கும், உகரம் போய்விடும். தலைப்பைச் சுருக்க முழு எழுத்தாக எண்ணும் கிராஃபீம்_சப்ஸ்டர்தான் (grapheme_substr) சரி. அதற்கு சர்வரில் இன்ட்ல் (intl) என்ற பிஎச்பி எக்ஸ்டென்ஷன் இருக்க வேண்டும்.

இதைவிட விஷமமானது, ஸ்ட்ரிங்கின் கடைசியிலிருந்து நீக்கும் ஆர்டிரிம் (rtrim). இரண்டாவதாகக் கொடுப்பதை அது ஒரு சொல்லாகப் பார்ப்பதில்லை, நீக்க வேண்டிய பைட்டுகளின் பட்டியலாகப் பார்க்கிறது. ‘மக்கள்’ என்பதிலிருந்து ‘கள்’ளை எடுக்கச் சொல்லிப் பாருங்கள். மிஞ்சுவது வெற்று ஸ்ட்ரிங்! ‘ம’வின் பைட்டுகளும் அந்தப் பட்டியலில் இருப்பதால் அதுவும் சேர்ந்து போகிறது. எரர் வராது, எச்சரிக்கையும் வராது. முதலில் முடிவு ‘கள்’தானா என்று ஸ்டர்_எண்ட்ஸ்_வித் (str_ends_with) கொண்டு சோதித்து, அப்புறம் வெட்டுங்கள்.

முகவரியில் ‘ஜாலான்’ (தெரு) இருக்கிறதா என்று, சொல் இருக்கும் இடத்தின் எண்ணைத் தரும் ஸ்டர்பாஸ் (strpos) கொண்டு தேடுகிறவர்களும் மாட்டிக்கொள்வார்கள். நம் ஊர் முகவரிகளில் அது முதலிலேயே வந்துவிடுவதுண்டு. இடத்தை 0விலிருந்து எண்ணுவதால் அப்போது விடை 0. இஃப் (if) நிபந்தனை அதை ‘இல்லை’ என்று எடுத்துக்கொள்ளும். பிஎச்பி 8 இருந்தால் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்லும் ஸ்டர்_கண்டெயின்ஸ் (str_contains) போதும்.

அஞ்சல் குறியீட்டை எண்ணாக மாற்றாதீர்கள். பினாங்கின் 10200 தப்பித்துவிடும். பக்கத்து அலோர் ஸ்டாரின் 05000, 5000 ஆகிவிடும். கைப்பேசி எண்ணின் முன்னால் நிற்கும் 0வுக்கும் இதே கதிதான்.