பிளஸ் ஒன் காதலைக் குறும்படமாக எடுக்க

உடுமலைப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். கோடை விடுமுறையில் பிள்ளைகளோடு சேர்ந்து குறும்படம் எடுப்பது வழக்கம். என்ன கதை வேண்டும் என்று கேட்டால் காதல் என்பார்கள். தாராளமாக எடுக்கலாம். அந்த வயதைக் கேலி செய்யாமல் சிரிக்க வைக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு எனக்குத் தெரிந்த வழியை எழுதுகிறேன்.

பையனுக்கும் பெண்ணுக்கும் ஆளுக்கொரு வேலை கொடுங்கள். காதலிப்பது மட்டுமே வேலை என்றால் இரண்டாம் பக்கத்திலேயே கதை நின்றுவிடும். பையன் விடிகாலையில் பால் சொசைட்டிக்குப் பால் கொண்டுபோகிறான் என்று வையுங்கள். தன் அப்பாவுக்கு உடம்பு சரியில்லாததால் அவருக்குப் பதிலாக அங்கே அந்தப் பெண் நோட்டு எழுத உட்கார்ந்திருக்கிறாள். அவள் முன்னால் இன்னும் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. அதனால் கேனை மெதுவாகச் சாய்த்து, நூல் பிடித்த மாதிரி ஊற்றுகிறான். வரிசையில் பின்னால் நிற்கும் பெரியவர் பொறுமை இழந்து, "ஏனுங் தம்பி, பாலை ஊத்தறீங்களா, அபிஷேகம் பண்றீங்களா?" என்கிறார். அவள் தலை நிமிராமல் நாலரை லிட்டர் என்று எழுதுகிறாள். அப்புறம் கேட்கிறாள்: "நேத்து அஞ்சு இருந்துதுங்களே?"

தன் கணக்கை ஞாபகம் வைத்திருக்கிறாளே என்று அன்று முழுக்க அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. நேற்றைய வரிக்குக் கீழேதான் இன்றைய வரியை அவள் எழுதுகிறாள் என்பது அவனுக்குத் தெரியாது, பார்க்கிறவர்களுக்குத் தெரியும். சிரிப்பு அங்கேதான் வருகிறது. அதனால் நோட்டின் குளோசப்பை அவள் கேட்பதற்கு முன்பே காட்டிவிடுங்கள். பிறகு காட்டினால் பையனை முட்டாளாக்கியது போல ஆகிவிடும்.

அவளுக்கும் ஒரு அவசரம் இருக்கட்டும். நோட்டை முடித்துவிட்டு வாலிபால் பயிற்சிக்கு டவுன் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அவன் மெதுவாக ஊற்ற ஊற்ற அவளுக்கு பஸ் போய்விடும். இப்போது காட்சிக்கு உயிர் வந்துவிட்டது, பாருங்கள்.

வசனத்தை எழுதிக் கொடுத்ததோடு விட்டுவிடாதீர்கள். "இதை வீட்டுல எப்படிச் சொல்லுவீங்க, கண்ணு?" என்று நடிக்கும் பிள்ளையிடமே கேட்டுத் திருத்துங்கள். சினிமாவில் நம் கொங்குப் பேச்சைச் சிரிப்புக்கென்றே இழுத்துப் பேச வைப்பது எனக்குப் பிடிக்காது. சாதியையும் வேடிக்கைக்கு ஒரு வரியில் தொட்டுவிட்டுப் போகாதீர்கள். நம் பக்கத்தில் அது உயிர் போகிற விஷயம். சொல்ல வேண்டுமென்றால் அதற்கென்றே தனியாக ஒரு படம் எடுங்கள்.

படப்பிடிப்புக்குப் போன் போதும். டியூப்லைட் வெளிச்சத்தில் ஷட்டர் வேகத்தை 1/50 நொடி, பிரேம் ரேட்டை நொடிக்கு 25 என்று வைத்தால் படம் மினுக்காது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதோடு இது ஒத்துப்போகும். வெளியில் எடுப்பதை மே மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். ஜூன் பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கிளம்பிவிடும், மைக்கில் வசனம் ஒன்றும் தேறாது. பல்லடம், சோமனூர்ப் பக்கம் எடுப்பவர்களுக்குத் தறிச் சத்தம் வேறு. ஒவ்வொரு காட்சி முடிந்ததும் பிள்ளைகளை ஒரு காருக்குள் உட்கார வைத்து, கண்ணாடியை ஏற்றி, வசனத்தை மறுபடி பதிவு செய்துகொள்ளுங்கள்.

முடிவில் இருவரையும் சேர்த்து வைக்க வேண்டியதில்லை. அப்பா தேறி வந்து நோட்டை வாங்கிக்கொள்ளட்டும். பையன் பாலை ஒரே மூச்சில் ஊற்றிவிட்டுப் போகட்டும்.

நடிப்பவர்கள் 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். தொட்டு நடிக்கும் காட்சியே வேண்டாம். நோம்பிக்கு, அதாவது ஊர்த் திருவிழாவுக்கு, திரை கட்டிப் போடுவதற்கு முன் அந்த இரண்டு வீட்டாருக்கும் முதலில் போட்டுக் காட்டுங்கள். அவர்கள் நீக்கச் சொல்லும் காட்சியை மறுபேச்சில்லாமல் நீக்கிவிடுங்கள்.