ஊருக்குப் போகிறவர்களுக்கு: யாழ்ப்பாணத்தில் மூன்று கிழமை

கனடாவிலிருந்தோ சுவிஸிலிருந்தோ ஊருக்குப் போகும் குடும்பத்துக்குப் பெரும்பாலும் மூன்று கிழமைதான் கிடைக்கும். அதற்குள் ஒரு கலியாணவீடு, ஒரு நேர்த்திக்கடன், கொழும்பில் இரண்டு நாள், நுவரெலியா, திருகோணமலைக் கடல் என்று நாளை எண்ணிப் பங்குபோட்டுவிடுவோம். பிறந்த ஊருக்கென்று மிஞ்சுவது ஒரு பின்னேரம். வான் ஒழுங்கை முகப்பில் நிற்கும். வெயிலுக்குப் பயந்து பிள்ளைகள் இறங்கமாட்டார்கள். நாங்கள் மட்டும் படலையைத் திறந்து பார்த்துவிட்டு, இரண்டு படம் எடுத்துக்கொண்டு திரும்ப ஏறிவிடுவோம். என் முதற்பயணம் அப்படித்தான் போனது. வீடு திரும்பிய பிறகு மகள் கேட்டாள்: “அப்பா, உங்கட ஊரில என்ன இருக்கு?” அவளுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. அடுத்த முறை வேறுமாதிரிப் போனோம். அந்த அனுபவத்திலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

முதலில் நாட்கணக்கு. ஆறு நாளாவது ஊருக்கென்று ஒதுக்குங்கள். அதில் முதல் இரண்டு நாளும் வாகனம் வேண்டாம். இரண்டு சைக்கிள் வாடகைக்கு எடுத்தால் போதும். காலை ஆறிலிருந்து ஒன்பதுவரையும், பின்னேரம் நாலரைக்குப் பிறகும் வெளிக்கிடுங்கள். நடுப்பகலை ஊரில் இருப்பவர்களே முற்றத்து நிழலில்தான் கழிக்கிறார்கள்.

எந்த மாதம் போவது என்பது பிள்ளைகளின் பள்ளி விடுமுறையைப் பொறுத்தது. ஆடி, ஆவணியில் போனால் நல்லூர்த் திருவிழா கிடைக்கும். வெக்கையும் சோளகக் காற்றும் புழுதியும் கூடவே கிடைக்கும். கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வைகாசி, ஆனியில்தான் நன்றாக வரும். ஆவணியில் பனம்பழம் விழத் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகை முழு மாரி. நத்தார் விடுமுறைக்குப் போகிறவர்களுக்கு வாடைக்காற்றும் பச்சை வயலும் வாய்க்கும். தைப்பொங்கல் வரை நின்றால் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டப் போட்டியும் பார்க்கலாம். மாரி முடிந்த கையோடு நுளம்பும் டெங்குவும் பெருகும் காலம் அது. நுளம்பு வலை எடுத்துப்போங்கள். காய்ச்சல் என்றால் இரண்டாம் நாள்வரை பொறுத்திருக்காமல் இரத்தம் சோதியுங்கள். அவசர நோயாளர் வண்டிக்கு 1990, பொலிசுக்கு 119.

போகும் வழியில் எனக்குப் பிடித்தது ரயில். 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி 1990இல் நின்றுபோய், 2014 ஒக்டோபரில்தான் மறுபடி யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. அந்த இருபத்துநாலு வருட இடைவெளிக்குள் பிறந்து வளர்ந்தவர்கள் எத்தனை பேர்! ஆனையிறவில் இரண்டு பக்கமும் நீரேரி விரியும் இடத்தில் பிள்ளைகளை யன்னலோரம் இருத்துங்கள். சேவை நேரங்கள் அடிக்கடி மாறும். இருக்கைகள் வேகமாக நிரம்பும். ஆதலால் நாள் குறித்ததுமே விசாரித்துப் பதிவு செய்யுங்கள். சென்னை வழியாக வருபவர்களுக்குப் பலாலி விமான நிலையம் இருக்கிறது, 2019இலிருந்து. நாகபட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலும் 2023இல் தொடங்கியது. கடல் குழம்பும் காலத்தில் அதை நம்பி நாள் வைக்காதீர்கள். இணையவழிப் பயண அனுமதியை அரசின் தளத்திலேயே எடுங்கள், அதைப்போலத் தோற்றம் காட்டும் இடைத்தரகர் தளங்கள் பல உண்டு.

வெளிக்கிட முன் செய்யவேண்டிய இரண்டு வேலைகளைச் சொல்லவேண்டும். அவைதான் எங்கள் இரண்டாவது பயணத்தை மாற்றின. ஒன்று, இணையத்தில் இருக்கும் ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தில் உங்கள் ஊரின் பெயரைத் தேடுவது. பாடசாலை நூற்றாண்டு மலர், கோயிற் கும்பாபிஷேக மலர், யாரோ ஒருவருடைய நினைவு மலர் என்று ஏதாவது அகப்படும். எங்கள் ஊர் வாசிகசாலை எங்கே இருந்தது, குளத்தை யார் வெட்டினார்கள் என்பதையெல்லாம் நான் ஒரு நினைவு மலரில்தான் படித்தேன். இரண்டாவது, அம்மாவையோ அம்மம்மாவையோ இருத்தி ஒரு கொப்பித்தாளில் ஒழுங்கை வரைபடம் கீறச் சொல்வது. கூகிள் வரைபடம் வேண்டாம். அம்மா கீறினபோது வீடுகளுக்கு முன் கிணறுகளைத்தான் வைத்தார். நன்னீர்க் கிணறு, சவர்க் கிணறு, குளிக்கிற கிணறு, குடிக்க அள்ளுகிற கிணறு. பிறகு ஒரு புளியமரம், ஒரு வைரவர் சூலம், ஒரு சுமைதாங்கி. அந்தத் தாளை மகளின் கையில் கொடுத்து, அவளை முன்னே நடக்கவிட்டோம்.

சுமைதாங்கி என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. நட்டுவைத்த இரண்டு கல், மேலே ஒரு குறுக்குக்கல். பற்றை மூடிக் கிடந்தது. முதுகுப்பையைக் கழற்றாமல் அப்படியே பின்புறமாகச் சாய்ந்து பார்த்தாள். பை கல்லில் போய் இருந்தது, தோள் லேசானது. தலைச்சுமையோடு வருகிறவர் குனியாமல், இறக்க ஆள் தேடாமல் தானே இறக்கி வைக்கும் உயரத்தில் அதை நட்டிருக்கிறார்கள். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்களின் நினைவாக இவற்றை நாட்டுவது வழக்கம். இறக்காத சுமையோடு போனவளுக்காக, வழியில் போகிறவர்களின் சுமையை ஒரு கல் இறக்கி வைக்கிறது. அதைச் சொன்னபோது அவள் பையை எடுத்துவிட்டுக் கல்லைத் தடவிப் பார்த்தாள்.

கண்ணுக்குப் பழகிவிட்டால் இன்னும் பல தெரியும். மாடு உரசுவதற்கென்று குளக்கட்டருகே நட்ட ஆவுரஞ்சிக்கல். பழைய வீட்டு வாசலில் கூரை போட்ட சங்கடப்படலை. தெருவால் போகிறவர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க அமைத்தது, சிலவற்றில் தண்ணீர்ப் பானை வைக்கும் இடமும் இருக்கும். மதில் கட்டி இரும்புக் கேற் போட்ட வீடுகளே இப்போது அதிகம். அந்தக் கேற்றுகளில் பாதி எங்கள் காசில் வந்தவை. வீடு திருத்தக் காசு அனுப்புகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: சங்கடப்படலையை இடிக்க வேண்டாம் என்று மேசனுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

கிணறுகளைப் பற்றிப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. வழுக்கையாறும் மாரியில்தான் ஓடும். பெய்யும் மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்புநீரின்மேல் நன்னீராக மிதந்து நிற்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் உவர் மேலே ஏறும். இதை நேரில் காட்டப் புத்தூர்ப் பக்கம் நவக்கிரியில் உள்ள நிலாவரைக் கிணற்றுக்குக் கூட்டிப்போங்கள். மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு. பிறகு கீரிமலை. கேணிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு சுவர்தான், ஆனால் கேணியில் ஊறுவது நன்னீர். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கேணி. தகப்பனுக்கு ஆடி அமாவாசை விரதம் பிடிப்பவர்கள் கூடும் இடமும் அதுதான். வெளிநாட்டில் தகனம் செய்த பெற்றோரின் சாம்பலைக் கொண்டுபோகிறவர்கள் மரணச் சான்றிதழையும் தகனச் சான்றிதழையும் கைப்பையிலேயே வைத்திருங்கள்.

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலுக்கு எல்லோரும் போவார்கள். வேட்டி, சேலை, ஆண்களுக்கு மேலாடை கூடாது என்பதெல்லாம் தெரிந்ததே. அருச்சனைச் சீட்டு ஒரு ரூபாய்தான். சொன்ன நேரத்துக்குப் பூசை தொடங்கும். திருவிழாக் காலம் என்றால் இருபத்தைந்து நாளில் தேரன்றைக்கு மட்டும் போகாமல், கூட்டம் குறைந்த ஒரு சாதாரண நாளிலும் போங்கள். பழைய கோயிலை 1621இல் போர்த்துக்கேயர் இடித்தார்கள், இப்போதைய கோயில் 1734இல் எழுந்தது. பழையது நின்ற முத்திரைச் சந்திப் பக்கம், சங்கிலியன் தோப்பு வளைவு, மந்திரிமனை, ப வடிவில் வெட்டிய யமுனா ஏரி எல்லாம் ஒரு மணி நேர நடைக்குள் இருக்கின்றன. ஏரி கவனிப்பாரற்றுக் கிடந்தாலும் போய்ப் பாருங்கள். ஓர் அரசு இருந்த நிலம் அது.

பொதுசன நூலகத்துக்கு ஒரு காலைப்பொழுது வேண்டும். 1933இல் கே. எம். செல்லப்பா தன் வீட்டில் தொடங்கிய இரவல் வாசிப்புத்தான் வளர்ந்து 1959இல் இந்த வெள்ளைக் கட்டடத்துக்கு வந்தது. 1981 மே 31 இரவு வைத்த தீயில் ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. எரிவதைக் கண்ட அதிர்ச்சியில் பன்மொழிப் புலவர் தாவீது அடிகள் மாரடைப்பால் இறந்தார். இன்று உள்ளே பள்ளிப் பிள்ளைகள் சோதனைக்குப் படித்துக்கொண்டிருப்பார்கள். வாசலில் நின்று படமெடுப்பதோடு நிற்காமல், வாசகர் நேரம் கேட்டு உள்ளே போய்ச் சத்தமில்லாமல் கொஞ்சம் இருங்கள். புத்தகம் கொடுக்க விரும்பினால் என்ன தேவை என்று முதலில் கேட்டுவிட்டுக் கொண்டுபோங்கள். பக்கத்தில் வீரசிங்கம் மண்டபத்தருகே நிற்கும் தூண்கள், 1974 ஜனவரி 10இல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டில் இறந்தவர்களுக்கானவை.

அதே நகரத்தில் சோனகத் தெருவுக்கும் போங்கள். 1990 ஐப்பசியில் வடக்கு முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது இரண்டு மணி நேரம். திரும்பி வந்தவர்கள் சிலர் அங்கே கடை வைத்திருக்கிறார்கள். எங்கள் இழப்பைப் பிள்ளைகளுக்குச் சொல்கிற நாங்கள் இதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு தேத்தண்ணி குடித்துக் கதை கேட்டுவிட்டு வாருங்கள்.

தீவுப்பகுதிக்கு ஒரு முழுநாள். நெடுந்தீவுக்குக் குறிகட்டுவானிலிருந்து படகு, ஏறக்குறைய ஒரு மணி நேரம். திரும்பும் படகின் நேரத்தை ஏறும்போதே கேட்டு எழுதி வையுங்கள். குடிநீர், தொப்பி, குளிசை எல்லாம் கையோடு இருக்கட்டும். காட்டுக் குதிரைகளையும் பெருக்கமரத்தையும் எல்லோரும் காட்டுவார்கள். எனக்கு மறக்க முடியாதது வேலிகள். சாந்தே இல்லாமல் முருகைக்கல்லை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி வளவுக்கு வளவு கட்டியிருக்கிறார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கல்லிலும் பவளப்பூச்சிகள் விட்டுப்போன நட்சத்திரக் கண்கள். காற்று இடைவெளியால் போய்விடும், வேலி நிற்கும். இறங்குதுறைப் பக்கம் 1985 மே 15இல் குமுதினிப் படகில் வெட்டிக் கொல்லப்பட்டவர்களின் நினைவிடமும் உண்டு. நயினாதீவு நாகபூசணி அம்மனையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்பார்கள், சிறுபிள்ளைகளோடு முயலாதீர்கள்.

2009இல் போர் முடிந்த முள்ளிவாய்க்காலுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போவதா என்று பலர் கேட்கிறார்கள். பன்னிரண்டு வயது தாண்டியிருந்தால் போகலாம் என்பது என் எண்ணம். போகும் வழியில் பாட்டுப் போடவேண்டாம். மே 18 அன்று கொடுக்கும் கஞ்சியில் அரிசியும் உப்பும் தண்ணீரும்தான் இருக்கும்; ஏன் என்று அவர்களே கேட்பார்கள். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள காணிக்குள் கால் வைக்காதீர்கள். முகாம், சோதனைச் சாவடி, துறைமுகம் ஆகியவற்றைப் படமெடுக்கவேண்டாம், ட்ரோன் பறக்கவிட அனுமதி தேவை.

ஊரில் முதல் நாளே ஒரு கேள்வி வரும். ஒழுங்கையால் போகும்போது வேலிக்கு மேலால் ஒரு முதியவர் எட்டிப் பார்ப்பார்: “நீர் ஆற்ர பிள்ளை?” உங்கள் வேலையையோ நாட்டையோ சொன்னால் அவருக்கு விளங்காது. தாத்தாவின் தொழில், வீட்டுக் குறிச்சி, அம்மாவின் வீட்டுப் பெயர், இந்த மூன்றும் தெரிந்திருக்கவேண்டும். பிள்ளைகளுக்கும் சொல்லிப் பழக்குங்கள். என் மகள், “தபாற்காரற்ர பேத்தி” என்றதும் கிழவர் படலையைத் திறந்துகொண்டு வந்துவிட்டார். அவருக்குத் தாத்தா கொண்டுவந்த தந்தி ஒன்று இன்னும் ஞாபகம் இருந்தது. அன்று பின்னேரம் முழுக்க அந்த முற்றத்திலேயே போயிற்று.

வீடுகளுக்குப் போகும்போது சொக்கிலேற்றுப் பெட்டிகளைவிட மூக்குக்கண்ணாடிக்கோ மருந்துக்கோ உதவுவது பயன். எல்லோர் முன்னிலையிலும் கொடுக்காமல் தனியே கொடுங்கள். காணி அலுவலைக் கடைசிக் கிழமைக்குத் தள்ளி வையுங்கள். முதல்நாளே காணி உறுதியைப் பற்றிப் பேசினால் பிறகு எந்த வீட்டுத் தேத்தண்ணியும் ருசிக்காது. ஆனால் விட்டுவிடவும் வேண்டாம்: பத்து வருடம் தடையில்லாமல் காணியை ஆண்டு அனுபவித்தவர் உரிமை கோரச் சட்டம் இடம் கொடுக்கிறது. காணிப் பதிவகத்தில் பதிவைப் பார்த்து, விதானையாரையும் (கிராம அலுவலர்) ஒருமுறை சந்தியுங்கள்.

ஊரைவிட்டு வெளிக்கிடுவதற்கு முதல்நாளைப் பருத்தித்துறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கரையோரப் பாதையில் பஸ்ஸில் போனால் வல்வெட்டித்துறை வரும். அங்கே கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அத்திலாந்திக்கைக் கடந்து அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அமெரிக்காவில் வளரும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். பருத்தித்துறையில் தும்பளைப் பக்கம் போகும் தெருவில் தெருமூடி மடம் இருக்கிறது. பெயரே சொல்வதுபோலத் தெருவை மூடிக் கட்டிய மடம். கற்றூண்கள், இரு பக்கமும் திண்ணை, நடுவால் தெரு. நகரில் தட்டைவடை இரண்டு பைக்கற் வாங்குங்கள். ஒன்று பயணப்பெட்டிக்கு, நன்றாக மூடினால் கிழமைக்கணக்கில் கெடாது. மற்றதை மடத்துத் திண்ணையில் இருந்து பிரியுங்கள். உச்சி வெயிலிலும் அந்தக் கல் குளிர்ந்திருக்கும். சைக்கிளில் போகிறவர்கள் உங்களுக்கு நடுவால்தான் போவார்கள், போகும்போது “எவடம்?” என்றும் கேட்பார்கள்.