தெளியாத கொய்யா ஒயின்: என் அனுபவம்

பினாங்கு வீட்டில் போட்ட 5 லிட்டர் கொய்யா ஒயின் நொதித்து முடிந்தும் அரிசி களைந்த தண்ணீர் மாதிரியே நின்றது. பத்து நாள் ஃப்ரிட்ஜில் வைத்தேன், அசையவில்லை. ஒயினைத் தெளிய வைக்கும் களிமண் தூளான பென்டோனைட் போட்டேன். அடியில் கொஞ்சம் சேறு, மேலே அதே கலங்கல்.

பிறகுதான் ஒரு ஸ்பூன் ஒயினில் நாலு ஸ்பூன் மெத்திலேட்டட் ஸ்பிரிட் விட்டுப் பார்த்தேன் (விஷம் கலந்த ஆல்கஹால், உடனே கொட்டிவிடுங்கள்). இழை இழையாகத் திரண்டது: பழத்தில் இருக்கும் பசைப்பொருளான பெக்டின்! பழக்கூழைக் கொதிக்க வைத்ததில் அது நிறைய இறங்கியிருக்கிறது. ஆறுவதற்குள் தூவிய, பெக்டினைச் சிதைக்கும் என்சைமான பெக்டினேஸ் சூட்டிலேயே செத்துப்போயிருக்கிறது.

இன்னொன்று, பென்டோனைட் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். என்சைமும் புரதம்தானே. அதனால் வண்டலை விட்டு ஒயினை வேறு ஜாடிக்கு மாற்றினேன். ஆல்கஹாலில் என்சைம் மந்தமாகும் என்பதால் பாக்கெட்டில் குறிப்பிட்ட அளவைப்போல் இரு மடங்கு பெக்டினேஸ் கலந்து, ஃப்ரிட்ஜுக்கு வெளியே சுமார் 30 டிகிரியில் வைத்தேன். ஆறாம் நாள் ஜாடிக்குப் பின்னால் வைத்த நாளிதழை வாசிக்க முடிந்தது. அப்பாடா.