பாவசங்கீர்த்தனத்தில் நாம் விடும் பிழைகள்

செப்டம்பரில் மட்டக்களப்பு ஆயித்தியமலை மாதா திருவிழாவுக்கு வலையிறவுப் பாலம் தாண்டி நடந்து போகிறவர்களில் பலருக்கு அங்கே இரண்டு வேலை. ஒன்று நேர்த்தி தீர்ப்பது, மற்றது பாவசங்கீர்த்தனம், அதாவது குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது. கால் கொப்பளித்து, கையில் தண்ணீர்ப் போத்தலோடு அந்த வரிசையில் நானும் நின்றிருக்கிறேன். நிற்கும்போது மனதுக்குள் ஒத்திகை பார்த்ததெல்லாம் என் பாவத்தை அல்ல, என் பக்க நியாயத்தை.

முதல் பிழை அதுதான். "சுவாமி, மச்சாளோட சண்டை பிடிச்சன், ஆனா அவ என்ன சொன்னா தெரியுமா" என்று தொடங்கினால், ஐந்து நிமிடத்தில் மச்சாளின் பாவம் முழுவதும் இறங்கிவிடும். நம்முடையது தொண்டைக்குள்ளேயே நிற்கும். சின்ன வயதில் முதல் பாவசங்கீர்த்தனம் முடித்து வந்து, சொன்னதை அம்மம்மாவிடம் பெருமையாக ஒப்பித்தேன்: தம்பி என் பென்சிலை உடைத்தான், அதனால் அடித்தேன். "மனே, நீ தம்பிட பாவத்தச் சொல்லிட்டு வந்திருக்காய்" என்றார். இன்றைக்கும் வாயில் "ஆனால்" வந்தால் அந்த இடத்தில் நிறுத்திக்கொள்கிறேன்.

இதற்கு நேர் எதிரானது, "எல்லாப் பாவமும் செய்திருக்கிறன் சுவாமி" என்று ஒரே மூச்சில் முடிப்பது. சாவான பாவமென்றால், அதாவது தெரிந்தே மனதாரச் செய்த பெரிய பாவமென்றால், அது இன்னது, ஏறத்தாழ இத்தனை முறை என்று சொல்ல வேண்டும். கதை வேண்டாம். உண்மையாகவே மறந்துபோனது மன்னிப்புக்குள் அடங்கிவிடும். பிறகு நினைவு வந்தால் அடுத்த முறை சொன்னால் சரி. வெட்கப்பட்டுத் தெரிந்தே மறைப்பது வேறு. ஒரு சாவான பாவத்தை அப்படி ஒளித்தால் முழுப் பாவசங்கீர்த்தனமுமே செல்லாது.

ஏன் ஒளிக்கிறோம்? பாதர் தெரிந்தவர், போன கிழமைதான் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்தவர். என் இந்து நண்பனும் இதைத்தான் கேட்பான்: "பாதர் வெளிய சொல்லமாட்டாரா?" மாட்டார். நீதிமன்றம் கேட்டாலும் சொல்ல முடியாது. அந்த இரகசியத்தை நேரடியாக உடைக்கும் குரு அந்தக் கணமே திருச்சபைக்குப் புறம்பாகிறார். அதை நீக்கும் அதிகாரம் உரோமையிடம்தான். அப்படியும் கூச்சமென்றால் வேறு பங்குக்குப் போவதில் பிழையே இல்லை. புளியந்தீவில் தெரிந்த முகமென்றால் தாண்டவன்வெளிக்குச் சைக்கிளை விடுங்கள்.

அழுகை வரவில்லையே, இது மனஸ்தாபமா, பாவத்துக்கான உண்மையான வருத்தமா என்று சிலர் குழம்புவார்கள். கண்ணீர் கணக்கில்லை, செய்ததை வெறுப்பதும் இனிச் செய்வதில்லை என்ற பிரதிக்கினையும் போதும்.

வருடத்துக்கு ஒரு முறையாவது என்று 1215ஆம் ஆண்டு நான்காம் இலாத்தரன் சங்கம் என்ற திருச்சபைப் பொதுச்சங்கம் வைத்தது குறைந்த அளவு. அதைப் பிடித்துக்கொண்டு பெரிய வாரத்தில் மட்டும் போவோம். இடையில் சாவான பாவத்தோடிருந்தும், எழும்பாவிட்டால் சனம் என்ன நினைக்கும் என்று நன்மை எடுக்க, அதாவது பூசையில் நற்கருணை வாங்க, போய்விடுவோம். இன்னொரு பக்கம், காலையில் பிள்ளையை ஏசிவிட்டேன் என்று நன்மை எடுக்காமல் இருப்பவர்களும் உண்டு. அற்ப பாவம் நற்கருணைக்குத் தடையில்லை.

அடுத்தது, மன்னிப்பை வாய்ப்பூட்டாக்குவது. காணாமல் போன பிள்ளையைத் தேடும் தாயிடம் "மன்னித்து மறந்துவிடுங்கோ" என்று சொல்வதை இந்த ஊரில் கேட்டிருக்கிறேன். எனக்கு அது ஏற்காது. 1981 மே 13ஆம் திகதி தன்னைச் சுட்ட அலி அக்கா என்பவரைப் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் (ஜோன் போல்) நான்கே நாளில் மன்னித்தார். 1983இல் சிறைக்கே போய்ப் பக்கத்தில் இருந்து பேசினார். ஆனாலும் அலி அக்கா 2000ஆம் ஆண்டுவரை இத்தாலியச் சிறையில்தான் இருந்தார். மன்னித்தவர் நீதியையோ உண்மையையோ கேட்கக் கூடாது என்று எந்த மறைக்கல்வியும் சொல்லவில்லை.

எல்லாவற்றிலும் பெரிய பிழை, பாதர் அபராதமாகச் சொல்லத் தந்த மூன்று "அருள் நிறைந்த" மந்திரத்தோடு கணக்கு முடிந்தது என்று எழும்பிப் போவது. களவெடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கெடுத்த பெயரைச் சரிசெய்ய வேண்டும் என்று மறைக்கல்வி நூலே சொல்கிறது. பாவம் போய்விடும், அது செய்த சேதம் தானாகப் போகாது.

இதை நான் படித்தது வேலியில். வளவு அடைக்கும்போது பூவரசங்கதியால்களை, வேலிக்கு நடும் தடிகளை, ஒரு முழம் பக்கத்து வளவுக்குள் தள்ளி நட்டேன். பக்கத்தில் வயதான ஒரு மாமி, தனி ஆள். கவனிக்கவில்லை என்று நினைத்தேன். தவக்காலத்தில் மனம் கேளாமல் போய்ச் சொன்னேன். பாதர் உடனே மன்னிப்பு மந்திரத்துக்குப் போகவில்லை.

"கதியால் இப்ப எங்க நிக்குது?" என்று கேட்டார்.

"அங்கதான் சுவாமி."

"பிடுங்கி நடுவீங்களா?"

நடுவேன் என்ற பிறகுதான் கையை உயர்த்தினார். போய்ப் பார்த்தால் கதியால்கள் வேர் விட்டுத் துளிர்த்திருந்தன. கிடுகைக் கழற்றி, அலவாங்கால் கிண்டிப் பிடுங்கி நட இரண்டு நாள் எடுத்தது. இரண்டாம் நாள் மாமி செம்பில் தண்ணீரோடு வந்து நின்றார். எச்சிலை விழுங்கிக்கொண்டு நடந்ததைச் சொன்னேன்.

"எனக்குத் தெரியும் மனே" என்றார். "மாரிக்கு முதல் நடுவாய் எண்டுதான் பாத்துக்கொண்டிருந்த நான்."